நாற்பது நிமிடத்தில் எத்தனை மான்? – சேலம் மாவட்டச் சுற்றுலா ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள ஆசிரிய நண்பர்களுக்கு,

வணக்கம். பொங்கல் முடிந்ததும் உங்கள் பாடு என்னவாகும் என்று எனக்குத் தெரியும். பெற்றோரிடம் சம்மதக் கடிதம் வாங்க வேண்டும், பஸ் பேச வேண்டும், தலைக்கு இவ்வளவு என்று வசூலித்துச் சில்லறை வரை கணக்கு எழுத வேண்டும், மலைப்பாதையில் வாந்தி எடுக்கும் பிள்ளைகளுக்கென்று எலுமிச்சம்பழம் தனியாக எடுத்து வைக்க வேண்டும். முப்பத்திரண்டு ஆண்டுகள் விலங்கியல் நடத்திவிட்டு ஓய்வு பெற்றவள் நான். அதில் பாதிக்கு மேற்பட்ட ஆண்டுகள் சுற்றுலாப் பொறுப்பும் என் தலையில்தான் இருந்தது. ஆகவே இந்த மடலில் சூடாக ஏதாவது வந்தால், முதல் சூடு எழுதியவளுக்கே விழுந்தது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

போன புதன்கிழமை காலை, இன்னும் பள்ளிக்குப் போகும் வயது வராத என் பேத்தியை அழைத்துக்கொண்டு குரும்பப்பட்டி வன உயிரியல் பூங்காவுக்குப் போயிருந்தேன். அஸ்தம்பட்டியில் இருக்கும் எங்களுக்கு அது பக்கம். மாதத்துக்கு ஒருமுறையாவது போய்விடுவோம். புள்ளிமான்களுக்கு எதிரே நிழல் பார்த்து உட்கார்ந்திருந்தபோது இரண்டு பஸ் நிறையப் பிள்ளைகள் வந்து இறங்கினார்கள். எந்த ஊர், எந்தப் பள்ளி என்று சொல்ல மாட்டேன். சீருடையின் நிறத்தைக்கூடச் சொல்ல மாட்டேன். நூறு பேருக்குக் குறையாது. முன்னால் ஓர் ஆசிரியர் விசில் ஊதிக்கொண்டு போக, பின்னால் ஓர் ஆசிரியை கடைசிப் பிள்ளையை முதுகில் தட்டித் தள்ளிக்கொண்டு வர, வரிசை நிற்காமல் நகர்ந்தது. பழக்கதோஷத்தால் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். உள்ளே வந்ததிலிருந்து வெளியே போனது வரை முப்பத்தெட்டு நிமிடம்.

அந்த வரிசையில் ஒரு சிறுமி மட்டும் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். நிழலில் படுத்திருந்த ஒரு மானைக் காட்டி, அது ஒன்றும் தின்னவில்லையே, பிறகு ஏன் வாயை அசைத்துக்கொண்டே இருக்கிறது என்று கேட்டாள். உயிரியல் வகுப்பில் ஓர் ஆண்டு முழுக்கக் காத்திருந்தாலும் இப்படி ஒரு கேள்வி வந்து விழாது. அவளுக்குக் கிடைத்த பதில், ‘வரிசையில் நட.’

அந்த ஆசிரியையை நான் குறை சொல்லவில்லை. நூறு பிள்ளைகளில் ஒன்று காணாமல் போனால் என்ன ஆகும் என்ற பயம் வயிற்றில் இருக்கும்போது மானின் தாடை யாருக்கு முக்கியம்? நானும் இதையே சொன்னவள்தான். விசில்கூட வைத்திருந்தேன்.

நம்முடைய சுற்றுலாத் திட்டம் எப்படி உருவாகிறது என்று கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். பஸ்ஸுக்கு வாடகை கொடுக்கிறோம். கொடுத்த காசுக்கு இடங்கள் கூடினால்தான் பெற்றோருக்குத் திருப்தி. அறிவிப்புப் பலகையில் எழுதும்போது பட்டியல் நீளமாக இருக்க வேண்டும். ஏற்காட்டு ஏரியில் படகு, அண்ணா பூங்கா, லேடிஸ் சீட், பகோடா பாயிண்ட், சேர்வராயன் கோயில். இவ்வளவையும் ஒரே பகலில் முடித்துவிட்டு இருட்டுவதற்குள் இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கியாக வேண்டும். குரும்பப்பட்டி எங்கே வருகிறது? மலை ஏறுவதற்கு முன்னால், அடிவாரத்தில், காலைச் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரிக்கவும் பிள்ளைகள் கழிப்பறைக்குப் போய் வரவும் வசதியான இடமாக. பட்டியலில் அதற்கும் ஓர் எண் போட்டுவிடுகிறோம்.

சேலத்துக்காரர்களிடம் ஒரு பேச்சும் உண்டு. ‘குரும்பப்பட்டியில் என்ன இருக்கிறது, மான்தானே?’ என்பார்கள். 1981இல் தொடங்கிய பூங்கா அது, வனத்துறை நடத்துகிறது. வண்டலூருக்குப் போய்வந்த பிள்ளைக்கு இது சின்னதாகத்தான் தெரியும். ஆனால் ‘மான்தானே’ என்று சொல்கிற வாயை நான் ஒருமுறை அடக்கிக்கொள்ள வேண்டிவந்தது. அந்தக் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

1994 என்று நினைவு. எட்டாம் வகுப்புப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். கிளைவிட்ட கொம்போடு இருந்த புள்ளிமானைக் காட்டி இது ஆண் என்றேன். பக்கத்தில் கொம்பில்லாமல் நின்றதைக் காட்டி அது பெண் என்றேன். பிள்ளைகளும் நோட்டில் எழுதிக்கொண்டார்கள். தீனித் தொட்டியைக் கழுவிக்கொண்டிருந்த காப்பாளர் ஒருவர் அருகில் வந்து, பிள்ளைகளுக்குக் கேட்காத குரலில், அதுவும் ஆண்தான், போன வாரம்தான் கொம்பு விழுந்தது என்றார். கழுத்தைப் பாருங்கள், பெண்ணுக்கு இவ்வளவு தடிப்பாக இருக்காது. முகத்தில் கறுப்பு கூடுதலாக இருக்கிறது பாருங்கள். கொம்பு இருந்த இடத்தில் இரண்டு குமிழ் தெரிகிறதா என்று ஒவ்வொன்றாகக் காட்டினார். எனக்குக் காது சூடாகிவிட்டது. மான் கொம்பு ஆண்டுதோறும் உதிர்ந்து முளைக்கும் என்பது நான் கல்லூரியில் படித்து, தேர்வில் எழுதி, மதிப்பெண்ணும் வாங்கிய சங்கதி. கண்ணெதிரே நின்றபோது தெரியவில்லை. ஏனென்றால் அதற்கு முன் ஒரு மானின் முன்னால் ஐந்து நிமிடம் சேர்ந்தாற்போல நான் நின்றதே இல்லை.

அன்று பிள்ளைகளிடம் தவறை ஒப்புக்கொண்டு எழுதியதை அடிக்கச் சொன்னேனா? இல்லை. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிக்கொண்டேன். மறுநாள் வகுப்பில்தான் சொன்னேன், அதுவும் ஏதோ எனக்கு முன்பே தெரிந்தது போல.

தமிழில் இதற்கு ஒரு சின்னச் சிக்கல் இருக்கிறது. மானுக்கும் கொம்பு, மாட்டுக்கும் கொம்பு என்றே சொல்கிறோம். இரண்டும் வேறு வேறு பொருள்கள். மானின் கொம்பு முழுக்க எலும்பு. முளைக்கும்போது அதன்மேல் ரத்தக்குழாய்கள் ஓடும் மெல்லிய தோல், பூனைமயிர் படர்ந்தாற்போல மூடியிருக்கும். தொட்டால் வெதுவெதுப்பாக இருக்கும். வளர்ச்சி முடிந்ததும் அந்தத் தோல் காய்ந்து உரியும். மரத்தில் தேய்த்துத் தேய்த்து மான் அதைக் கழற்றிப் போடும். பிறகு ஒருநாள் கொம்பே அடியோடு விழும், மறுபடி முளைக்கும். விலங்கு உடலில் இத்தனை வேகமாக வளரும் திசு வேறொன்றைக் காண்பது அரிது. மாட்டுக்கொம்பு அப்படியில்லை. உள்ளே எலும்பு, மேலே நகத்தின் பொருளால் ஆன உறை. கிளைவிடாது, ஒருமுறை முளைத்தால் ஆயுள் வரை அதேதான். ஏற்காட்டுக் காப்பித் தோட்டங்களில் திரிகிறதே, நாம் காட்டெருமை என்று சொல்லும் காட்டுமாடு, அதன் கொம்பும் இந்த வகைதான். வகுப்பில் குழப்பம் தீர நான் ‘உதிர்கொம்பு’, ‘உதிராக்கொம்பு’ என்று இரண்டு சொற்களைப் புழங்கிவந்தேன். பாடநூலில் இல்லை, வேண்டுமானால் நீங்களும் எடுத்துக்கொள்ளுங்கள்.

புள்ளிமான்கள் எல்லாம் ஒரே மாதத்தில் கொம்பை உதிர்ப்பதில்லை. அதனால் எந்த மாதம் நீங்கள் போனாலும் ஒரு கூட்டத்தில் முழுக்கொம்போடு ஒன்று, தோல் மூடிய இளங்கொம்போடு ஒன்று, மொட்டையாக ஒன்று என்று பார்க்க நல்ல வாய்ப்பு உண்டு. ஓர் ஆண்டின் வளர்ச்சி முழுவதும் ஒரே வேலிக்குள் நிற்கும். அதற்கு அடுத்தாற்போலக் கடமான். உருவம் பெரியது, புள்ளி இல்லை, ஆணுக்குக் கழுத்தில் பிடரி போல முடி அடர்ந்திருக்கும். தென்மாவட்டங்களில் மிளா என்பார்கள். முழு வளர்ச்சி பெற்றால் இரண்டுக்குமே ஒவ்வொரு கொம்பிலும் மூன்று முனைகள். எண்ணச் சொல்லுங்கள். பிள்ளைகளுக்கு எண்ணுவது பிடிக்கும்; எண்ணுகிற பிள்ளை சத்தம் போடாது.

இப்போது அந்தச் சிறுமியின் கேள்விக்கு வருகிறேன். மான் அசைபோடுகிறது. காட்டில் புல்வெளிக்கு வந்து மேய்வது அதற்கு ஆபத்தான நேரம். அதனால் அவசர அவசரமாக விழுங்கிவிட்டு, மறைவில் போய்ப் படுத்துக்கொண்டு, விழுங்கியதை உருண்டை உருண்டையாக வாய்க்குக் கொண்டுவந்து அரைக்கும். உற்றுப் பார்த்தால் ஓர் உருண்டை தொண்டை வழியே மேலேறுவதும், அரைத்து முடித்ததும் கீழே இறங்குவதும் கழுத்தில் தெரியும். தாடை மேலும் கீழுமாக அசையாது, பக்கவாட்டில் போகும்; அம்மிக்குழவி போல. மேல்தாடையில் முன்பற்களே கிடையாது, கெட்டியான ஈறுதான். முதல் இரைப்பையில் கோடிக்கணக்கான நுண்ணுயிரிகள் புல்லின் நாரைப் புளிக்கவைத்து உடைக்கின்றன. நம் வீட்டில் மாவு புளிப்பதைப் பார்த்த பிள்ளைக்கு இதை விளக்கப் படம்கூட வரைய வேண்டாம்.

பிஸ்கட் ஏன் போடக் கூடாது என்பதும் இங்கேதான் இருக்கிறது. ‘போடாதீர்கள்’ என்று பலகை சொல்கிறது. ஏன் என்று பலகை சொல்வதில்லை, நாமும் சொல்வதில்லை. நாரைப் பொறுமையாகப் புளிக்கவைக்கும் வயிற்றுக்குள் மாவும் சர்க்கரையும் திடீரென்று விழுந்தால் புளிப்பு கட்டுக்கடங்காமல் ஏறும். அளவு மீறினால் மான் செத்தே போகும். பிஸ்கட்டைச் சுற்றிவந்த பிளாஸ்டிக் காகிதமோ உள்ளே போனால் வெளியே வராது. வயிற்றிலேயே பந்தாகத் தங்கிவிடும். வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் (1972) 38-ஜே பிரிவு, உயிரியல் பூங்காவில் விலங்குகளைச் சீண்டுவதையும் காயப்படுத்துவதையும் மட்டுமல்ல, உணவு கொடுப்பதையும், சத்தத்தால் தொந்தரவு செய்வதையும், குப்பை போடுவதையும் சேர்த்தே தடைசெய்கிறது. சிறைத்தண்டனை வரை போகும் குற்றம் அது. சட்டத்தைக் காட்டிப் பிள்ளைகளை மிரட்டச் சொல்லவில்லை. ஆனால் நம் விசிலும் ‘சத்தத்தால் தொந்தரவு’ என்பதற்குள் வரும் என்று ஓய்வு பெற்ற பிறகுதான் எனக்கு உறைத்தது.

முதலையிடம் வேறு வகைத் தொல்லை. அது அசைவதில்லை, அதுதான் அதன் குற்றம். வாயைத் திறந்தபடி கரையில் கிடக்கும். இரண்டு நிமிடம் பார்த்துவிட்டு, பொம்மை என்று ஒரு பையன் தீர்ப்புச் சொல்வான். இன்னொருவன் அதைச் சோதித்துப் பார்க்கக் கல்லைத் தேடுவான். நான் போன ஒரு சுற்றுலாவில் கல்லை எறிந்தவன் வகுப்புத் தலைவன். நிழலில் நின்றுகொண்டு வேர்வை வழிய நாம் பார்க்கும் அதே வெயிலைத்தான் அதுவும் சமாளித்துக்கொண்டிருக்கிறது. உடம்பின் சூட்டைச் சீராக வைத்துக்கொள்ள வாயைப் பிளந்து வைத்திருக்கிறது. கோபமும் இல்லை, பசியும் இல்லை. நம்மைப்போல உடலைச் சூடாக வைத்துக்கொள்ளச் சோற்றை எரித்துக்கொண்டே இருக்க வேண்டிய தேவை அதற்கு இல்லாததால், வேளாவேளைக்கு அது இரை தேடி அலைய வேண்டியதுமில்லை. குஞ்சு ஆணா பெண்ணா என்பதைக்கூட முட்டை புதைந்திருந்த மண்ணின் வெப்பமே முடிவு செய்கிறது. இதைச் சொன்னதும் என் மாணவிகள் ஒரு வகுப்பு நேரம் முழுவதும் கேள்வி கேட்டார்கள். நம் மேட்டூருக்கும் ஒகேனக்கலுக்கும் நடுவில் ஓடும் காவிரியில் வாழ்வதும் இந்த இனமே. ஆற்றில் இறங்கும் ஊர்ப் பிள்ளைகளுக்கு முதலை அசையாமல் எவ்வளவு நேரம் இருக்கும் என்று தெரிந்திருப்பது வெறும் பாட அறிவு இல்லை.

மயிலைப் பற்றி நீட்ட மாட்டேன். இப்போது ஓமலூர், ஆத்தூர் பக்கத்துக் காடுகழனிகளில் பிள்ளைகள் தினமும் பார்க்கிறார்கள், விவசாயிகள் திட்டுகிறார்கள். ஒன்று மட்டும்: இணைசேரும் பருவம் முடிந்த சமயத்தில் போனால் ஆண் மயில் தோகையை உதிர்த்துவிட்டு மூளியாக நிற்கும். யாரோ பிடுங்கிவிட்டார்கள் என்று பிள்ளைகள் வருத்தப்படுவார்கள். மான் கொம்பின் கதையை அங்கே இன்னொருமுறை சொல்லலாம். தோகையின் நீலம் சாயம் இல்லை, இறகின் நுண்ணிய அமைப்பில் ஒளி பட்டுத் தெறிக்கும் ஜாலம் என்பதை, கீழே கிடக்கும் ஓர் இறகை வெயிலில் திருப்பிப் பார்த்தாலே காட்டிவிடலாம். பார்த்துவிட்டு அங்கேயே வைத்துவிடுங்கள்.

குரங்கு விஷயத்தில் எனக்குக் கோபமே வருகிறது. கீழே பூங்காவில் ‘உணவு கொடுக்காதே’ என்ற பலகையைப் பிள்ளைகளைக் கொண்டு உரக்கப் படிக்கவைக்கிறோம். ஒரு மணி நேரம் கழித்து, மலைப்பாதையில் ஏதோ ஒரு வளைவில் டிரைவர் பஸ்ஸை நிறுத்துகிறார். ஜன்னல் வழியே தட்டுவடை பறக்கிறது, வாழைப்பழம் பறக்கிறது, டீச்சர்களே பன் பிய்த்துப் போடுகிறார்கள். நானும் போட்டிருக்கிறேன், புண்ணியம் என்று நினைத்தேன். கீழே வேலிக்குள் இருந்ததும் வெளியே ரோட்டில் உட்கார்ந்திருப்பதும் ஒரே நாட்டுக் குரங்குதான். காட்டில் அத்தியும் தளிரும் பூச்சியும் தேடித் தின்ன வேண்டியது, ரோட்டோரம் பஸ்ஸுக்குக் காத்திருக்கப் பழகிவிட்டது. காத்திருக்கும் இடத்திலேயே அடிபட்டும் சாகிறது. பையைப் பிடுங்கிக் கடித்துவிட்டால் அப்போது அது ‘அட்டகாசம் செய்யும் குரங்கு’. இந்த ஒரு பழக்கத்தையாவது இந்த ஆண்டே நிறுத்திவிடுங்கள். அதற்குத் திட்டமும் வேண்டாம், பணமும் வேண்டாம்.

பிள்ளைகள் கேட்டு நான் தப்பித்துக்கொண்ட இன்னொரு கேள்வி பாக்கி இருக்கிறது. கிளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தோம். கழுத்தில் வளையம் இருந்தால் ஆண் என்று சொல்லிக்கொடுத்தேன். அந்த வளையத்தை வைத்துத்தான் பறவை நூல்களில் செந்தார்ப் பைங்கிளி என்கிறார்கள். அப்போது ஒரு பையன், எங்கள் வீட்டிலும் ஒரு கிளி இருக்கிறது, இதைவிடச் சின்னக் கூண்டு, அப்பா இறக்கையை வெட்டிவிட்டிருக்கிறார், அதுவும் பூங்காவா என்று கேட்டான். அவன் அப்பா பள்ளிக்கு நாற்காலி, மின்விசிறி எல்லாம் வாங்கிக் கொடுத்தவர். காட்டுக் கிளியை வீட்டில் அடைத்து வளர்ப்பது சட்டப்படி குற்றம் என்று எனக்கு நன்றாகத் தெரியும். ‘அது வேறு, இது வேறு’ என்று சொல்லி நகர்ந்துவிட்டேன். அவன் முகம் இன்னும் நினைவில் இருக்கிறது, நம்பவில்லை.

கூண்டு ஏன் என்று எந்தப் பிள்ளையாவது கேட்டே தீரும். அதற்கு நேர்மையான பதிலைத் தயார் செய்துகொண்டு போங்கள். நான் சொல்வதென்றால் இப்படிச் சொல்வேன். பழைய காலத்தில் இதற்கு மிருகக்காட்சி சாலை என்று பெயர். சென்னையில் 1855இல் தொடங்கியது அப்படித்தான், காட்சி, அவ்வளவே. அது வண்டலூருக்குப் போய் 1985இல் பெரிய பரப்பில் திறந்தபோது அமைப்பும் மாறியது, பெயரும் மாறியது. 1992இல் மத்திய உயிரியல் பூங்கா ஆணையம் வந்தது. அதன் அங்கீகாரம் இல்லாமல் நாட்டில் யாரும் பூங்கா நடத்த முடியாது. வாரத்தில் ஒருநாள் பார்வையாளரே இல்லாமல் மூட வேண்டும் என்பதும் விதி. விலங்குக்கு நம்மிடமிருந்து ஒருநாள் ஓய்வு! வேட்டைக்காரரிடமிருந்தும் வியாபாரிகளிடமிருந்தும் பறிமுதல் செய்தவை, காயம்பட்டவை, மனிதர் கையில் வளர்ந்து இனிக் காட்டில் பிழைக்கத் தெரியாதவை இவற்றுக்குப் போக வேறு இடம் இல்லை. அந்தப் பையனின் கிளி போன்றவையும் இதில் அடக்கம்.

இதெல்லாம் சரி. ஆனாலும் வேலிக்குள் நடந்த இடத்திலேயே நடந்துகொண்டிருக்கும் ஒரு விலங்கைப் பார்க்கும்போது எனக்கு நெஞ்சில் ஏதோ அடைக்கத்தான் செய்கிறது. வயதாக ஆக அது கூடுகிறது. அதைப் பிள்ளைகளிடம் மறைக்க வேண்டியதில்லை என்று இப்போது நினைக்கிறேன். டீச்சருக்கும் இதில் முழுச் சம்மதம் இல்லை என்று தெரிந்தால் பிள்ளை யோசிக்கும். அடைத்து வைத்ததற்குக் கைம்மாறாக நாம் தரக்கூடியது ஒழுங்காகப் பார்ப்பது ஒன்றுதான். அதையும் விசில் ஊதிக் கெடுக்கிறோம்.

ஒரு சிறு திசைதிருப்பம், விலங்கியல் டீச்சரின் ஆசைக்காக. எந்தக் கூண்டிலும் இல்லாத இரண்டு உயிர்கள் நம் மலையில் இருக்கின்றன. ஒன்று ஒரு பல்லி. பாறை இடுக்கில் பகலில் திரியும் சின்னஞ்சிறிய பல்லி. 2000ஆம் ஆண்டில் அறிவியல் உலகம் அதற்குப் பெயர் வைத்தபோது ‘க்னெமாஸ்பிஸ் யெர்காடென்சிஸ்’ என்று ஏற்காட்டின் பெயரையே வைத்தது. இன்னொன்று மண்ணுக்குள் வாழும் ஒரு பாம்பு, ‘யூரோபெல்டிஸ் ஷார்ட்டை’. 1863இலேயே விவரிக்கப்பட்டது, ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலைக்கே உரியது. விஷம் கிடையாது, மண்புழு தின்னும், வால்நுனி வெட்டிவிட்டாற்போல மொட்டையாக இருக்கும். தோட்டத்தில் மண்வெட்டியில் சிக்கினால் பாம்பு என்று அடித்துக் கொன்றுவிடுவார்கள். சிங்கத்தையும் ஒட்டகச்சிவிங்கியையும் வரையத் தெரிந்த நம் பிள்ளைகள் எத்தனை பேருக்கு இந்த இரண்டையும் தெரியும்? எனக்கே பணியில் இருந்த காலத்தில் முக்கால்வாசி நாள் தெரியாது. பகோடா பாயிண்டில் செல்பி எடுக்கும் நேரத்தில் அந்தப் பாறை இடுக்கை ஒருமுறை எட்டிப் பார்க்கச் சொல்லலாம். தொடாமல்.

சரி, என்ன செய்யச் சொல்கிறாய் என்று கேட்பீர்கள். ஏற்காட்டு இடங்களில் இரண்டை வெட்டுங்கள். எதை என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள். என்னைக் கேட்டால் பூங்காவுக்குப் பிறகு இன்னொரு பூங்கா எதற்கு என்பேன். மிச்சமாகும் நேரத்தைக் கீழே கொடுங்கள். ஒரு காலைப்பொழுது முழுவதும், திறந்ததும் முதல் ஆளாக உள்ளே. சேலத்து வெயில் ஏறிவிட்டால் மான் முதல் முதலை வரை எல்லாம் நிழலுக்குப் போய்ச் சுருண்டுவிடும்; பிறகு ‘ஒன்றுமே இல்லை’ என்ற புலம்பல்தான் மிஞ்சும். எல்லாக் கூண்டையும் காட்டித் தீர வேண்டும் என்ற வெறி வேண்டாம். ஒரு குழுவுக்கு ஒரு விலங்கு. இருபது நிமிடம் அதன் எதிரே தரையில் உட்காரட்டும். முதல் ஐந்து நிமிடம் பொறுக்காமல் நெளிவார்கள். அடுத்த ஐந்தில் யாராவது ஒருத்தி, ‘மிஸ், அதன் காது மட்டும் தனியாகத் திரும்புகிறது’ என்பாள். அதற்கப்புறம் உங்களுக்கு வேலை இல்லை.

நூறு பேரை ஒரே நாளில் கூட்டிப்போகாதீர்கள் என்று சொல்ல ஆசைதான். வாடகைக் கணக்கு ஒத்துவராது என்று தெரியும். இரண்டு பஸ்ஸில் ஒன்றை முதலில் மலைக்கு அனுப்பிவிட்டு மற்றொன்றைப் பூங்காவில் நிறுத்துங்கள், மதியத்துக்குமேல் மாற்றிக்கொள்ளலாம். இரண்டாவது குழுவுக்கு வெயில் கொஞ்சம் மோசம், ஆனால் மாலையில் மான்கள் மறுபடி எழுந்து நடமாடத் தொடங்கும். டிரைவர் முனகுவார். தலைமை ஆசிரியர் இரண்டுமுறை யோசிப்பார். பெற்றோரில் சிலர் ‘பக்கத்து ஸ்கூல் ஆறு இடம் காட்டினார்கள்’ என்பார்கள். சொல்லட்டும்.

காப்பாளர்களிடம் பேசுங்கள். அவர்கள் கையில் வாளியும் துடைப்பமும் இருப்பதால் நாம் அவர்களைத் தாண்டிப் போய்விடுகிறோம். எந்த மான் எப்போது குட்டி போட்டது, எது யாரோடு சண்டை போடும், எது இரண்டு நாளாகச் சரியாகத் தின்னவில்லை என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும். வேலை நேரத்தைக் கெடுக்காமல், முன்கூட்டியே அலுவலகத்தில் அனுமதி கேட்டு, பத்து நிமிடம் பிள்ளைகளோடு பேசச் சொல்லுங்கள். என் தவறைத் திருத்திய அந்த மனிதருக்கு நான் நன்றி சொன்னேனா என்பதுகூட நினைவில்லை. அடுத்த ஆண்டு போனபோது அவரைத் தேடினேன். வேறு இடத்துக்கு மாற்றிவிட்டதாகச் சொன்னார்கள்.

திரும்பி வந்ததும் ‘நான் சென்ற சுற்றுலா’ என்று கட்டுரை எழுதச் சொல்லாதீர்கள், தயவுசெய்து. முப்பத்திரண்டு ஆண்டுகள் அதைத் திருத்தியவள் சொல்கிறேன். எல்லாக் கட்டுரையும் காலை ஆறு மணிக்குப் பஸ் கிளம்பியதில் தொடங்கி, களைப்போடு வீடு திரும்பியதில் முடியும். நடுவில் விலங்குகளின் பெயர்ப் பட்டியல், கமா போட்டு. அதற்குப் பதில் ஒரே ஒரு விலங்கு செய்த ஒரே ஒரு செயலை எழுதச் சொல்லுங்கள். நான்கு வரி போதும்.

இவ்வளவு சொல்லிவிட்டுச் சும்மா இருப்பது நியாயமில்லை. என் முழங்கால் ஒத்துழைக்கும் வரை நான் வரத் தயார். ஏதாவது பள்ளி ஒரு காலைப்பொழுதைக் கொடுத்தால் மான் வேலிக்கு முன்னால் பிள்ளைகளோடு உட்கார்ந்துகொள்கிறேன். பேச்சு அதிகம் இருக்காது, என் பேத்தியும் கூட வருவாள். குடிக்கத் தண்ணீரை வீட்டிலிருந்தே எவர்சில்வர் பாட்டிலில் எடுத்துவரச் சொல்லுங்கள், தின்பண்டம் எதுவும் பஸ்ஸை விட்டு இறங்க வேண்டாம். விசிலை நீங்கள் வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள். என்னுடையது எங்கே போனதென்று தெரியவில்லை.

எந்த நாள் என்று நீங்களே பார்த்துச் சொல்லுங்கள். செவ்வாய்க்கிழமை மட்டும் வேண்டாம். அன்று பூங்காவுக்கு விடுமுறை.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற விலங்கியல் ஆசிரியை,
அஸ்தம்பட்டி, சேலம்